நிற்கும் இடம் அறிந்து கட்டளையிடுங்கள்



நாம் தினமும் திறக்கும் இணையதளங்கள் பலவற்றின் பின்னால் லினக்ஸ் சர்வர்கள் ஓடுகின்றன. அவற்றை நிர்வகிப்பவர்கள் பெரும்பாலும் மவுஸைத் தொடுவதில்லை. கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே வேலை வாங்குகிறார்கள். சிஸ்டம் அட்மின் வேலையை விரும்பும் பிள்ளைகள் இதைக் கற்றே ஆக வேண்டும். செலவுக்கு அஞ்ச வேண்டாம். லினக்ஸ் இலவசம், வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பே போதும்.

முதல் பாடம் நான்கு கேள்விகள். கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளியின்றித் தட்டுங்கள்.

1. நான் எந்தப் பயனர்? ஹூ-ஆம்-ஐ.
2. எந்தக் கணினியில் இருக்கிறேன்? ஹோஸ்ட்-நேம்.
3. எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்? பி-டபிள்யூ-டி.
4. இங்கே என்னென்ன இருக்கின்றன? எல்-எஸ்.

இவ்வளவு எளிய கேள்விகள் எதற்கு என்று தோன்றலாம். 2017 ஜனவரி 31 இரவு, கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பழுதான துணைச் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்க நினைத்தார். ஆனால் அவர் இருந்ததோ முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடிகளில் தவறை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தகவலில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது. வழக்கமான காப்பு நகல்கள் சரியாக எடுக்கப்படவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல்தான் கைகொடுத்தது. இடையிலான ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

அவர் திறமையில் குறைந்தவர் அல்லர். இரண்டாவது கேள்வியை மட்டும் அந்த நேரத்தில் கேட்கத் தவறிவிட்டார். ஆர்-எம் என்ற அழிக்கும் கட்டளைக்கு ரீசைக்கிள் பின் கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். அழிக்கும் முன் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். எதை அழிக்கப் போகிறீர்களோ, அதன் பெயரை முதலில் எல்-எஸ் கட்டளையுடன் கொடுத்துப் பாருங்கள். காப்பு நகல் எடுத்தால் மட்டும் போதாது, அதைத் திறந்தும் பாருங்கள்.

பயிற்சிக்கு, எம்-கே-டி-ஐ-ஆர் கட்டளையால் ஒரு ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் மட்டும் பழகுங்கள். ஐயம் வந்தால் மேன் என்று தட்டி, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுங்கள். விளக்கம் திரையிலேயே வரும்.

தவறு நேர்ந்தால் மறைக்காதீர்கள். கிட்லேப் நிறுவனமும் நடந்ததை மறைக்காமல் உலகுக்கு எழுதி வெளியிட்டது. அதனால்தான் இன்று நாம் அதிலிருந்து பாடம் படிக்கிறோம்.