ஒரே மரம், வெவ்வேறு சுவை: காபிப் பழத்தில் ஓர் அறிவியல் பாடம்

நொதித்தல் பாடம் என்றால் இட்லி மாவையும் தயிரையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். இரண்டும் மாணவர் அறிந்தவை. அதனாலேயே, ‘ஏன்?’ என்ற கேள்வி அங்கே எளிதில் எழுவதில்லை. ஒரே மரத்தில் ஒரே நாளில் பறித்த காபிப் பழங்களை இரண்டு விதமாக உலர்த்தினால் இரண்டு சுவை கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். கேள்விகள் தாமாகவே வரும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கு மேற்கே சேர்வராயன் மலை இருக்கிறது. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தினார். இன்றும் அது காபி மலைதான். மலைப்பள்ளிகளிலும் அடிவாரப் பள்ளிகளிலும் பணியாற்றும் நமக்கு, நொதித்தல், விதை, அடர்த்தி, விழுக்காடு ஆகிய நான்கையும் இணைக்கும் பாடம் இவ்வளவு அருகில் கிடைக்கிறது.

பழத்தின் அமைப்பு

கரும்பலகையில் ஒரு காபிப் பழத்தின் குறுக்குவெட்டை வரையுங்கள். வெளியே சிவந்த தோல், அதனுள் மெல்லிய சதை, அடுத்து விரலில் வழுக்கும் பசை, பிறகு காகிதம் போன்ற பார்ச்மென்ட் உறை, அதற்குள் வெள்ளித்தோல், நடுவில் இரண்டு கொட்டைகள். சில பழங்களில் ஒரே கொட்டை உருண்டையாக வளரும். காபித்தூள் கடையில் ‘பீபெரி’ என்று கேட்டு வாங்குவது அதைத்தான். பசையில் பெக்டின் என்ற பொருள் உள்ளது. இதை எப்போது, எப்படி நீக்குகிறோம் என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

மூன்று முறைகள்

*உலர் முறை:* பழத்தை முழுதாகக் களத்தில் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு வாரம் அளவுக்கு வெயிலில் காயவைப்பார்கள். பிறகு காய்ந்த தோலை உடைத்துக் கொட்டையை எடுப்பார்கள். வணிகத்தில் இதன் பெயர் ‘செர்ரி’. இந்தக் காபி குடிக்கும்போது நாவில் கனமாகத் தெரியும். நன்றாகக் காய்ந்திருந்தால் பழ வாசனையும் இனிப்பும் இருக்கும்.

*ஈர முறை:* பறித்த அன்றே தோலை உரித்து, பசையோடு இருக்கும் கொட்டைகளைத் தொட்டியில் விடுவார்கள். பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெக்டினைச் சிதைக்கும். அராபிகாவுக்குப் பொதுவாக ஒரு நாள் முதல் ஒன்றரை நாள் வரை ஆகும். குளிர் கூடினால் நேரமும் கூடும். கழுவித் தேய்க்கும்போது வழவழப்பு போய்ச் சொரசொரப்பு தெரிந்தால் நொதித்தல் போதும். கடையில் ‘பிளாண்டேஷன் ஏ’ என்று விற்பது இந்த வகை அராபிகாதான். இதன் சுவை தெளிவானது. இதமான புளிப்பு முன்னால் நிற்கும்.

*தேன் முறை:* தோலை மட்டும் உரித்து, பசையோடு அப்படியே காயவைப்பது. பெயரில் மட்டுமே தேன் உண்டு. சுவை மேற்சொன்ன இரண்டுக்கும் இடைப்பட்டது.

மேற்குக் கடற்கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. உலர்ந்த கொட்டைகளைத் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தில் வாரக்கணக்கில் வைத்தால், அவை உப்பி, வெளிறி, புளிப்பை இழந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற ‘மான்சூன்ட் மலபார்’ காபி இப்படித்தான் உருவாகிறது.

சுவை ஏன் மாறுகிறது?

பழத்தின் இனிப்பு கொட்டைக்குள் ஊறிவிடுகிறது என்று மாணவர்கள் சொல்வார்கள். அந்த விடையோடு நிறுத்திவிட வேண்டாம். காபிக் கொட்டை ஒரு விதை. அதற்கு உயிர் உண்டு. சதையை நீக்கியதும் விதை முளைக்கத் தொடங்கும் நிலைக்குப் போகிறது. தன் எளிய சர்க்கரைகளைச் செலவிடுகிறது. ஈர முறைக் கொட்டையில் குளுக்கோஸும் பிரக்டோஸும் குறைவாகவும், உலர் முறைக் கொட்டையில் கூடுதலாகவும் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வறுக்கும்போது சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து நிறத்தையும் மணத்தையும் தருகின்றன. நுண்ணுயிரிகள் உண்டாக்கும் பொருள்களும் மணத்தில் பங்கேற்கின்றன. நொதித்தல் அளவுக்கு மீறினால் ஊளை நாற்றமும் கெட்ட புளிப்பும் வந்துவிடும்.

வகுப்பறைச் செயல்பாடு

காபிப் பழம் கிடைக்காத பள்ளியில் தக்காளி போதும். அதன் விதையைச் சுற்றியும் வழுக்கும் பசை உண்டு.

1. பசையோடு விதைகளை எடுத்து மூன்று பங்காக்குக.
2. முதல் பங்கைத் தட்டில் பரப்பி வெயிலில் காயவிடுக.
3. இரண்டாம் பங்கை ஒரு டம்ளரில் ஒன்றிரண்டு நாள் மூடி வைக்க.
4. மூன்றாம் பங்கை இன்னொரு டம்ளரில் இட்டு, வசதி இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க.
5. குமிழி, மணம், வழவழப்பு ஆகியவற்றைக் காலை, மாலை அட்டவணையில் பதிவு செய்க.

சுவைத்துப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பசை எதில் முதலில் கரைந்தது, வெப்பநிலைக்கு அதில் என்ன பங்கு என்று மாணவர்களே முடிவு சொல்லட்டும். விதைகளைக் கழுவும்போது மிதப்பவை எவை, மூழ்குபவை எவை என்று பிரிக்கச் சொன்னால் அடர்த்திப் பாடமும் சேர்ந்துவிடும். காபித் தோட்டத்திலும் பழங்களை நீரில் இட்டு, மிதக்கும் பொக்குகளை இப்படித்தான் ஒதுக்குகிறார்கள். தொடக்க வகுப்புகளில் மிதப்பது, மூழ்குவது வரை போதும்.

கணக்கு ஆசிரியருக்கு

50 விழுக்காடு ஈரம் உள்ள 10 கிலோ கொட்டையை, ஈரம் 10 விழுக்காடு ஆகும்வரை காயவைத்தால் எடை என்ன? பலரும் ‘40 விழுக்காடு குறையும், ஆகவே 6 கிலோ’ என்பார்கள். காய்ந்தாலும் மாறாதது 5 கிலோ உலர்பொருள். கடைசியில் அது மொத்த எடையில் 90 விழுக்காடு. எனவே விடை 5 ÷ 0.9, அதாவது ஏறத்தாழ 5.56 கிலோ.

இந்தக் கணக்கு நம் மாணவர் வீடுகளில் பணமாகிறது. மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் ‘பாயின்ட்’ பார்த்து விலை போடுகிறார்கள். ஈரமான விளைபொருளுக்கு எடை கழிக்கிறார்கள். கழிவு எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்த பிள்ளை ஒரு வீட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் பலம். சரியாகக் காயாத கொட்டையில் பூஞ்சை பிடித்தால் விலையும் போகும், உடல்நலமும் கெடும்.

மேல்வகுப்புகளில் இன்னொரு கேள்வியையும் விவாதத்துக்கு விடலாம். ஈர முறைக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். கழுவிய நீரை அப்படியே ஓடையில் விட்டால், அதிலுள்ள கரிமப் பொருளைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், மீன்கள் சாகும். நல்ல சுவைக்காக ஓடையின் நீரை எவ்வளவு செலவிடலாம்? மலையில் ஒரு சிறு தோட்டக்காரர் எந்த முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? இதற்கு ஒற்றை விடை இல்லை. புளி, சாமை, கடுக்காய் என்று காயவைத்துப் பக்குவப்படுத்தும் பொருள்கள் பல வீடுகளில் உண்டு. பெற்றோரிடம் அவர்களின் பக்குவத்தைக் கேட்டுவரச் சொல்லி, அந்தக் குறிப்புகளோடு விவாதத்தைத் தொடங்குங்கள்.