நாடக வகுப்பில் ஒரு புதுச் சடங்கு

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி நாடக வகுப்பில் பிள்ளைகளே ஒரு மழைச் சடங்கை உருவாக்கி நடிக்கப் போகிறார்களாம். இல்லாத சடங்கை இட்டுக்கட்டலாமா?
– வாசகர், பூலாம்பாடி

பதில்: தாராளமாகச் செய்யலாம். பழையவை என்று நாம் நினைக்கும் வழக்கங்கள் பலவற்றுக்கும் ஒரு தொடக்க நாள் உண்டு. பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891இல் வெளிவந்த நாடகம். அதன் பாயிரத்திலுள்ள வாழ்த்தின் ஒரு பகுதிதான் 1970 முதல் அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கிறது. 2021இல் மாநிலப் பாடலும் ஆனது. நாடகத்துக்கு எழுதிய வரிகளுக்கு இன்று ஊரே எழுந்து நிற்கிறது. புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி உறுதி சொல்லும் சுயமரியாதைத் திருமணமும் சென்ற நூற்றாண்டில் யோசித்து அமைத்ததே. 1967ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதைச் செல்லுபடியாக்கியது.

பக்தியைக் கேலி செய்வதாகிவிடாதா என்று கேட்பீர்கள். சாமியாடுவதையும் காப்புக் கட்டுவதையும் மேடையில் போலச் செய்தால் அந்த அச்சம் நியாயம்தான். அவற்றைத் தொடவே வேண்டாம். பச்சைமலை அடிவாரத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வெங்காய நடவும் மழைக்கான காத்திருப்பும் போதாதா? முதல் குடத்து நீரை யார் ஊற்றுவது, எப்போது எல்லோரும் பேசாமல் நிற்பது என்று அவர்கள் வாதாடி முடிவெடுப்பதுதான் உண்மையான நாடகப் பாடம். ஒன்று மட்டும் முக்கியம்: கட்டாயம் கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் வழிபாட்டில் கலந்துகொள்ள யாரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் பிரிவு. அதே மரியாதையை இங்கேயும் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். ஒத்திகையையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.