குமாஸ்தாவுக்கு யார் வகுப்பு எடுப்பது?

விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதனால் ஆண்டாளைச் சேவிக்க வருகிறவர்களோடும் பால்கோவா வாங்க வருகிறவர்களோடும், மஞ்சள் பையில் பத்திர நகலை வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வருகிறவர்களும் இந்த ஊரில் பஸ் விட்டு இறங்குகிறார்கள். பக்கத்தில் ராஜபாளையத்திலும் நீதிமன்றங்கள் உண்டு. ஆனால் கொலை வழக்கு, மேல்முறையீடு என்று விவகாரம் பெரிதானால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் வந்தாக வேண்டும். இப்படி வருகிற கட்சிக்காரர் வக்கீலிடம் பேசுவது கொஞ்ச நேரம். வக்கீல் குமாஸ்தாவிடம் பேசுவதுதான் அதிகம். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, பிராது ரிட்டர்ன் ஆனால் குறையைச் சரிசெய்து மறுபடி போடுவது, பேட்டா என்னும் சம்மன் செலவைக் கட்டுவது, நீதிமன்ற அமீனாவோடு அலைந்து சம்மனைச் சேர்ப்பிக்க வைப்பது, நகல் மனு போடுவது, வாய்தா டைரியை வைத்திருப்பது எல்லாம் அவர் கையில். இத்தனை பொறுப்புள்ள வேலைக்கு நம் ஊரில் எந்தப் பயிற்சியும் கட்டாயமில்லை. மூத்த குமாஸ்தாவிடம் சில வருடம் நின்று கற்றுக்கொள்வதுதான் பள்ளிக்கூடம். சட்டம் மெதுவாக மாறிய காலத்துக்கு அந்தப் பள்ளிக்கூடம் போதும். இன்றைக்குப் போதாது, சில இடங்களில் அதுவே ஆபத்து என்பது என் வாதம். வேண்டியது சுவரில் மாட்டுகிற பட்டயம் அல்ல. தமிழில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் நடக்கிற, காலாவதி தேதி போட்ட குறுகிய சான்றிதழ்.

ஆபத்து என்று சொன்னதற்கு முதலில் ஒரு எண்ணைச் சாட்சியாக வைக்கிறேன். குற்றவியல் வழக்குகளில் வேலை பார்த்த எவருக்கும் ‘482’ என்றால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இருந்த வரை அது சரி. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528க்குப் போய்விட்டது. முன்ஜாமீனுக்குப் பழைய எண் 438. கொலைக்கு உரிய ‘302’ புதிய தண்டனைச் சட்டத்தில் மத உணர்வைப் புண்படுத்தும் சொல்லுக்கு உரிய பிரிவு. கொலை 103ஆம் பிரிவில் இருக்கிறது. இதில் தடுமாறுவது புதிதாக வேலைக்கு வந்த பையன் அல்ல, அவன் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதுவான். இருபது வருடம் மனப்பாடமாக எழுதிய கைதான் தடுமாறும். போதாக்குறைக்குப் பழைய சட்டம் செத்தும் போகவில்லை. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அந்த வழக்குகள் இன்னும் பல வருடம் நடக்கும். ஆக, ஒரே காலைப்பொழுதில் ஒரே மேசையில் இரண்டு கணக்கையும் பிசகாமல் வைத்திருக்க வேண்டும். அனுபவம் இதைத் தானாகக் கற்றுத்தராது. பழக்கத்தை உடைத்துப் புதிதாகப் பழக்கிவிட ஆள் வேண்டும்.

எண் பிசகினால் மனுவைத் திருப்பித் தருவார்கள், திருத்திப் போட்டுவிடலாம். நாள் பிசகினால் வழக்கே போய்விடும். ராஜபாளையம் பஞ்சாலையும் நூல் வியாபாரமும் மருத்துவத் துணி நெசவும் உள்ள ஊர். அங்கே கொடுத்த சரக்குக்குப் பணம் வராத சங்கதி புதிதல்ல. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம் 2018இல் திருத்தப்பட்ட பிறகு, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தாவா இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத தாவா என்றால், தாக்கல் செய்யும் முன் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மத்தியஸ்தத்துக்குப் போயே ஆக வேண்டும். போகாமல் போட்ட பிராதை நிராகரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட்டில் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் சொல்லிவிட்டது. இதே சட்டத்தில் பிரதிவாதி எதிருரை போட 120 நாள்தான். 121ஆம் நாள் கதவு சாத்தியாயிற்று. சாதாரண உரிமையியல் தாவாவில் 30 நாள், 90 நாள் என்று இருந்தாலும் நீதிமன்றம் மனம் வைத்தால் தாமதத்தை மன்னிக்கும். அந்த மன்னிப்புக்குப் பழகிப்போன குமாஸ்தா வணிகத் தாவாவிலும் ‘அடுத்த வாய்தாவில் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் வியாபாரியின் எதிர்வாதம் அதோடு முடிந்தது. நுகர்வோர் வழக்கிலும் 30 நாளும் கூடுதலாக 15 நாளும் தவிர ஒரு நாள்கூடக் கிடைக்காது என்பது 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பு. செக் வழக்கில் வங்கி திருப்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்து 15 நாள் காத்திருப்பு, அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்ற ஏணி பலருக்கும் அத்துபடி. ஆனால் சாலை விபத்து இழப்பீட்டு மனுவுக்கு 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு வந்திருக்கிறது. அதற்கு முன்பு நெடுங்காலம் கெடுவே இல்லாததால் ‘காயம் ஆறட்டும், போடலாம்’ என்பதுதான் வழக்கம். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கும் போயிருக்கிறது. இன்று சரியாக இருப்பது அடுத்த வருடம் மாறலாம். சான்றிதழுக்குக் காலாவதி தேதி வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தெரியாததால் போகிற பணமும் உண்டு. தமிழ்நாட்டில் தாவா மதிப்பின் மீதான நீதிமன்றக் கட்டணம் 2017இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது எல்லோருக்கும் தெரியும். கட்சிக்காரர்கள் வெளியிலேயே சமாதானமாகிப்போனாலும் கட்டிய கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது. சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே கொண்டுபோன வழக்கில், தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவுக்கு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அப்படித்தான் பொருள் சொன்னது. 10 லட்ச ரூபாய் தாவாவில் இது 30,000 ரூபாய். ஒரு நெசவுத் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா? வாட்ஸ்அப் உரையாடலையும் கண்காணிப்புக் கேமரா பதிவையும் தாக்கல் செய்யும் சங்கதியும் இதே மாதிரிதான். பழைய 65-பி சான்று இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் இரண்டு பாகமாகிவிட்டது. ஒன்றைச் சாதனத்தை வைத்திருப்பவர் தர வேண்டும், மற்றதை நிபுணர் தர வேண்டும். பதிவின் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்ப உட்காரப்போவது பெரும்பாலும் குமாஸ்தாவோ டைப்பிஸ்ட்டோதான்.

சரி, இருக்கிற படிப்புகள் என்ன? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு வருட பாராலீகல் (சட்டத் துணைப் பணியாளர்) பட்டயம் வைத்திருக்கிறது. தரமான பாடத்திட்டம், ஆனால் தமிழில் படிக்க வசதியில்லை, அகில இந்தியப் பொதுச்சட்டத்தைச் சொல்லித்தருமே தவிர நம் நீதிமன்றத்துப் பேட்டா நடைமுறையைத் தொடாது. தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009இல் தொடங்கிய பாராலீகல் தன்னார்வலர் திட்டம் இன்னொன்று. அங்கன்வாடி ஊழியர், ஆசிரியர், சுயஉதவிக் குழுப் பெண்கள் போன்றவர்களை எடுத்துப் பயிற்சி தந்து, கிராமத்துக்கும் சட்ட உதவிக்கும் பாலமாக்குவது அதன் நோக்கம். அறிமுகப் பயிற்சி மட்டுமல்ல, புத்தாக்கப் பயிற்சியும் அதன் பாடத்திட்டத்தில் எழுத்திலேயே இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது. நீதிபதிகளுக்குத் தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது, மதுரையில் அதன் மண்டல மையமும் உண்டு. நீதிமன்ற ஊழியர்களுக்கும் அங்கே பயிற்சி நடக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வும் அலுவலகக் கணினிச் சான்றிதழும் அரசு வேலைக்கு என்று எழுதப்பட்டாலும் வக்கீல் ஆபீசுக்கும் அப்படியே பொருந்தும். மின்தாக்கல் வந்த பிறகு பழைய எழுத்துருவில் அடித்த பிராது கோப்பு மாறும்போது கொம்பும் காலும் சிதறிப் போகிற தொல்லைக்கு மருந்து, யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகை பழகுவதுதான். இத்தனை இருந்தும் வக்கீல் குமாஸ்தாவைக் குறிவைத்து ஒரு பாடமும் இல்லை. தன்னார்வலருக்கு உண்டு, நீதிமன்ற ஊழியருக்கு உண்டு, நடுவில் வழக்குக் கட்டைச் சுமக்கிறவருக்கு இல்லை.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007 முதல் பாராலீகல்களுக்கு உரிமம் உண்டு. வக்கீலைப் போலவே அவர்களும் வருடத்துக்கு 12 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். அமெரிக்காவில் ‘நாலா’ என்ற பாராலீகல் சங்கத்தின் சான்றிதழ் ஐந்து வருடத்துக்கொருமுறை 50 மணி நேரப் படிப்போடு புதுப்பிக்கப்படுகிறது, அதில் 5 மணி நேரம் தொழில் ஒழுக்கம். அவர்கள் தொழிலமைப்பை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. உரிமம் பெற்ற ஒன்டாரியோ பாராலீகல் சிறு வழக்குகளில் நீதிமன்றத்தில் நின்றே வாதாடலாம். நம் வழக்கறிஞர்கள் சட்டம் அதற்கு இடம் தராது. எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டே: மணிக்கணக்கும், அதில் ஒழுக்கத்துக்கென்று ஒதுக்கிய பங்கும்.

‘பொறுப்பு வக்கீலுடையது, குமாஸ்தா படித்து என்ன ஆகப்போகிறது?’ என்பார்கள். பொறுப்பு வக்கீலுடையது என்பது உண்மை. ஆனால் ஒரே நாளில் மூன்று நீதிமன்றத்தில் வழக்குள்ள வக்கீல், டைரியில் குமாஸ்தா எழுதிய தேதியை நம்பித்தான் ஓடுகிறார். நகல் மனு என்றைக்குப் போட்டோம், நகல் என்றைக்குத் தயாரானது என்ற இரண்டு தேதியை வைத்துத்தான் மேல்முறையீட்டுக் கெடுவில் எத்தனை நாளைக் கழிப்பது என்ற கணக்கு வருகிறது. அந்த இரண்டு தேதியும் குமாஸ்தாவின் கைக்குறிப்பு. தவறு நடந்தபின் பொறுப்பு யாருடையது என்பது ஒரு கேள்வி, தவறை எங்கே தடுக்கலாம் என்பது வேறு கேள்வி.

இதைவிடக் கனமான ஆட்சேபம், படித்த குமாஸ்தா தரகராகிவிடுவார் என்பது. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். வழக்கறிஞராகப் பதியாதவர் வக்கீல் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. தரகர்களின் பட்டியலை மாவட்ட நீதிபதியே வெளியிட 2023இல் திருத்தம் வந்திருக்கிறது. கட்டப்பஞ்சாயத்தும் ‘நான் முடித்துத் தருகிறேன்’ என்ற பேச்சும் நம் ஊர்களில் இல்லாதவை அல்ல. ஆனால் தரகு வேலைக்குச் சட்ட அறிவு தேவைப்பட்டதே இல்லை. கட்சிக்காரரின் பயமும் அறியாமையும் போதும். எங்கே தகவல் சொல்வது முடிந்து ஆலோசனை தொடங்குகிறது என்ற எல்லையைப் பயிற்சியில்தான் கோடு போட்டுக் காட்ட முடியும். ‘அடுத்த வாய்தா 14ஆம் தேதி’ என்பது தகவல்; ‘சமாதானம் ஆகாதீர்கள், ஜெயிக்கும்’ என்பது ஆலோசனை. வருமானம் குறைந்தவர், பெண், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், பழங்குடியினர், தொழிலாளி என்றால் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்கு அழைக்கலாம் என்று சொல்வது தகவலிலும் உயர்ந்தது. பீஸ் போய்விடுமே என்று அதை மறைக்காமலிருப்பதைத் தொழில் ஒழுக்கத்தின் முதல் பாடமாக வைப்பேன்.

சம்பளம் குறைந்த வேலையில் யார் பணம் கட்டிப் படிப்பார்கள், படித்ததும் வேறு ஆபீசுக்குப் போய்விட மாட்டார்களா என்பது கடைசிக் கேள்வி. போவார்கள், போகட்டும், போகிற இடமும் இதே கோர்ட் வளாகம்தான். செலவு பெரிதாக வரவே தேவையில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது, தன்னார்வலர்களுக்கு வகுப்பெடுத்த பழக்கமும் இருக்கிறது. வழக்கறிஞர் குமாஸ்தாக்களுக்கென்று 1999இல் தமிழ்நாடு நலநிதிச் சட்டமே போட்டிருக்கிறது. இறந்தால், ஓய்வுபெற்றால் உதவுகிற ஏற்பாட்டை வேலையில் இருக்கும்போதும் உதவ வைக்க முடியுமா என்று குமாஸ்தாக்கள் சங்கம் கேட்டுப் பார்க்கலாம். நடத்த வேண்டிய காலம் மே மாதம். உரிமையியல் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை, ஆபீசில் கூட்டம் குறைவு. தேர்வை எழுத்தில் வைக்காமல் படிவத்தில் வைக்க வேண்டும்: ஒரு வணிகத் தாவாவுக்கு முந்தைய மத்தியஸ்த மனு, ஒரு 63ஆம் பிரிவுச் சான்று, பழைய சட்டப் பிரிவுக் குற்றத்துக்கு ஒன்றும் புதிய சட்டப் பிரிவுக் குற்றத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஜாமீன் மனு, ஐந்து தீர்ப்புத் தேதிகளைத் தந்து ஐந்துக்கும் கெடு நாள் கணக்கு. கெடு கணக்கில் ஒன்று பிசகினாலும் சான்றிதழ் தரக்கூடாது, மறுநாள் திரும்ப எழுதச் சொல்லலாம். சான்றிதழின் செல்லுபடி இரண்டு வருடம். இப்படியொரு வகுப்பு வரும் வரை காத்திருக்க மனமில்லாதவர் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வாய்தா டைரியின் ஒவ்வொரு பதிவிலும் வாய்தாத் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அந்த வழக்கின் கடைசி நாளையும் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவுப்படி என்பதையும் எழுதி, வக்கீலிடம் சுருக்கொப்பம் வாங்கிவிடுவது.