கடற்காற்றும் எங்கள் வேனும்

காரைக்காலில் ஒரு வண்டியின் ஆயுளை முடிவு செய்வது எஞ்சின் அன்று, தகடே என்பது என் கருத்து. 1984-இல் வெளிவந்து, 1988-இல் ஆம்னி எனப் பெயர் பெற்று, 2019-இல் உற்பத்தி நின்ற மாருதி வேன் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. விடியலில் மீன்கூடை, சனிக்கிழமை குடும்பத்தோடு திருநள்ளாறு. என் கல்லூரிக் கட்டணமும் அதன் உழைப்பே.

முன்னிருக்கைக்கு அடியிலுள்ள 796 சி.சி., மூன்று சிலிண்டர் எஞ்சின் இன்றும் ஒரே திருப்பில் கிளம்புகிறது. தரைத் தகடோ சென்ற ஆண்டு கால் வைத்ததும் அமுங்கிற்று.

நண்பர்களே, இரும்பு எலெக்ட்ரான்களை இழக்கிறது, நீரும் ஆக்சிஜனும் சேர்ந்து அவற்றை ஏற்கின்றன, விளைவது துரு. உப்பு நீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் இவ்வினை விரைகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்ளும். ஆகவே பெயின்ட் கொப்புளமாக எழும்புகிறது. கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்!

அப்பா நாள்தோறும் வெளிப்புறத்தைத் துடைப்பார். மீன்நீர் இறங்கிய ரப்பர் விரிப்பை எவரும் தூக்கிப் பார்த்ததில்லை. கதவடியில் நீர் வடியும் துளைகள் மண்ணடைத்துக் கிடந்ததையும், அரிமானம் பாடத்தில் வந்த பிறகே நான் கவனித்தேன்.

"முன்னாடியே படிச்சிருக்கக் கூடாதா தம்பி?" என்றார் அப்பா. வெல்டிங் செலவு என் ஒரு பருவக் கட்டணத்தைத் தாண்டிவிட்டது.

இப்போது வாரந்தோறும் விரிப்பை எடுத்து, அடிப்பகுதியைக் கழுவி, கதவுகளை வெயிலில் திறந்து வைக்கிறோம். கழுவுவது குழாய்த் தண்ணீரில்தான். எங்கள் தெரு அடிபம்பு நீரே உப்பு.