எழுத்துக் கோப்பைப் பகுத்தல்

கணினிக்குக் கட்டளை எழுதப் புகும் மாணவர் முதலில் வியப்பது அதன் வேகம். பின்னர்த் திகைப்பது அதன் அறியாமை. அவ்வறியாமை எத்தகையது என்பதை, நாம் அன்றாடம் பயணஞ்செய்யும் இருப்புப்பாதையைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார வண்டிகள் ஓடிவருகின்றன. அப்பாதையின் இறுதி மூன்று நிலையங்களை, ரயில்வேக் குறியீடு முன்னும் பெயர் பின்னுமாக, ஓர் எழுத்துக் கோப்பில் எழுதுவோம்:

சிஎம்பி குரோம்பேட்டை
டிபிஎம்எஸ் தாம்பரம் சானடோரியம்
டிபிஎம் தாம்பரம்

பைத்தான் மொழியில் இக்கோப்பைத் திறந்து, வரிவரியாகப் படித்து, இடைவெளி கண்டவிடமெல்லாம் ‘ஸ்பிளிட்’ என்னுங் கட்டளையாற் பிரிப்பதாகக் கொள்வோம். முதல் வரியும் மூன்றாம் வரியும் இவ்விரு கூறாகும். இரண்டாம் வரியோ மூன்று கூறாகிவிடும். ‘முதற்கூறு குறியீடு, இரண்டாங்கூறு பெயர்’ என்று நாம் விதித்திருப்பின், சானடோரியம் என்னுஞ் சொல் மறைந்து, இரு நிலையங்களுக்கும் தாம்பரம் என்ற ஒரே பெயர் அமையும். கணினி பிழையென்று ஒரு சொல்லும் உரையாது.

இஃது அற்பப் பிழையன்று. 1928இல் அங்கு நிறுவப்பெற்ற காசநோய் மருத்துவமனையினாலேயே அந்நிலையம் அப்பெயர் பெற்றது. நோயாளியைக் காண நகரிலிருந்து வருபவர் ஒருவர் இப்பட்டியலை நம்பினால், இறங்கவேண்டிய இடத்தைக் கடந்து அடுத்த நிலையத்திற் சென்று நிற்பார்.

இதற்குப் பரிகாரம் யாது? பெயருக்குள் வாராத ஒரு குறியை எல்லையாக வைத்தலே. குறியீட்டுக்கும் பெயருக்கும் நடுவே காற்புள்ளி இட்டு, அக்காற்புள்ளியிற் பிரித்தால் பெயர் சிதையாது. வரியின் இறுதியில் ஒட்டிவரும் புதுவரிக் குறியையும் வேண்டாத இடைவெளியையும் ‘ஸ்ட்ரிப்’ என்னுங் கட்டளை நீக்கும். கோப்பைத் திறக்கும்போதே ‘யூடிஎஃப்-8’ எனக் குறித்தல் வேண்டும். இன்றேல் தமிழெழுத்துக்கள் உருமாறக் கூடும். ஒவ்வொரு வரியும் சரியாக இரு கூறாயிற்றா என்று சோதித்து, ஆகாவிடின் அவ்வரியின் எண்ணை அறிவித்து நிற்குமாறும் விதித்தல் நன்று.

இனி, பிரித்தவற்றை எங்ஙனம் சேமிப்பது? கேட்கப்போகும் வினாவே அதனைத் தீர்மானிக்கும். ‘குரோம்பேட்டைக்கு அடுத்த நிலையம் யாது?’ என்பதற்கு வரிசை மாறாத பட்டியல் ஏற்றது. ‘டிபிஎம் என்பது எந்நிலையம்?’ என்பதற்குக் குறியீட்டைத் தலைச்சொல்லாகவும் பெயரைப் பொருளாகவும் கொண்ட அகராதி ஏற்றது.

மாணவர் இப்பாதையின் நிலையங்கள் அனைத்தையும் எழுதி, இவ்விரு வகையிலும் சேமித்துப் பார்க்க. அகராதியின் எண்ணிக்கை பட்டியலினுங் குறைந்திருப்பின், ஏதோ ஒரு குறியீடு இருமுறை வந்துளது என்றறிக.

கணினி சொல்லின் பொருளை உணராது. நாம் வகுத்த எல்லையையே காணும். ஆதலின் எல்லையைத் தெளிவுற வகுத்தல் எழுதுவோன் கடமையாம்.