அறுபது மதிப்பெண்ணைத் திறந்தே பார்க்காதவள்

ஆசிரியர் தகுதித் தேர்வில் நான் வாங்கியது 79. எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு அப்போது 82 வேண்டும். மூன்று மதிப்பெண்ணில் போனது. 2023 பிப்ரவரியில் நடந்த அந்தத் தேர்வுக்கு அடுத்தது 2025 நவம்பரில்தான் வந்தது.

ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு பி.எட். சேரப்போகும் தம்பி தங்கைகளே, சேர்க்கை, கட்டணம், சான்றிதழ் எல்லாம் சீனியர்களே சொல்லிவிடுவார்கள். ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள். செய்முறைத் தேர்வுக் கமிஷனுக்கு முந்தின ராத்திரி சார்ட் ஒட்டிக்கொண்டு உட்காராதீர்கள். மற்றபடி பி.எட். யாரையும் கவிழ்ப்பதில்லை. கவிழ்ப்பது அதற்குப் பிறகு வருவது.

தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். குழந்தை வளர்ச்சி, உளவியலுக்கு 30, தமிழுக்கு 30, ஆங்கிலத்துக்கு 30. மீதி 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். ஆங்கிலம் படித்தவர்களுக்கென்று தனிப்பகுதி கிடையாது. இரண்டில் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். சாசரும் மில்டனும் அங்கே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

இது எனக்குத் தெரியவந்ததே விண்ணப்பிக்கும்போதுதான். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு சிமென்ட் லாரிகளுக்கு நடுவே இரண்டு வருஷம் பஸ்ஸில் போய்வந்தேன். கல்லூரியில் ஒருவர்கூட அந்தக் கேள்வித்தாளைக் கண்ணில் காட்டவில்லை. “சைக்காலஜியைக் கரைச்சுக் குடிம்மா, மத்தது தானா வரும்” என்றார் ஒரு விரிவுரையாளர். நம்பினேன். சைக்காலஜியில் 17 வந்தது. ஆங்கிலம் 25, தமிழ் 20. சமூக அறிவியலில் 60க்கு 17. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஒரே விடையை அமுக்கியிருந்தாலே கிட்டத்தட்ட 15 வந்திருக்கும். அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கற்பித்தல் பயிற்சிக்கு ரஞ்சன்குடிக் கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டார்கள். ஏழாம் வகுப்புக்கு வினைச்சொல் நடத்திக்கொண்டிருந்தேன். ஜன்னலோரப் பையன் ஒருவன் எழுந்து, “மிஸ், அந்தக் கோட்டையில சண்டை நடந்துச்சாமே, யாரு மிஸ் சண்டை போட்டது?” என்றான். “அதை சோசியல் மிஸ்கிட்ட கேளு” என்று உட்காரவைத்துவிட்டேன். வருஷம் திரும்பி, தேர்வு மையத்துக் கணினித் திரையில் கர்நாடகப் போர் பற்றிக் கேள்வி வந்தபோது அந்தப் பையன் முகம்தான் வந்தது. 1751இல் பக்கத்து வாலிகண்டபுரத்தில் நடந்த சண்டை அது. முகமது அலி பக்கம் ஆங்கிலேயர், சந்தா சாகிப் பக்கம் பிரெஞ்சுக்காரர். இரண்டாம் கர்நாடகப் போரின் ஒரு பகுதி. மாதக்கணக்கில் அந்தக் கோட்டையைப் பார்த்துக்கொண்டே டிபன் பாக்ஸ் திறந்தவள் நான்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்குக் கணிதம்-அறிவியலைவிட சமூக அறிவியல்தான் சரி என்பேன். கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பள்ளிச் சுற்றுலா போகாதவர் உண்டா? ராஜேந்திரன் 1014இல் பட்டம் ஏறியதை அந்தக் கோயில் பிராகாரத்தோடு சேர்த்து நினைத்தால் மறக்காது. பாறைகள் பாடத்துக்கு சாத்தனூர் கல்மரம் இருக்கிறது. கடல் இருந்த இடம் இது என்று கையால் தொட்டுப் பார்த்துப் படிக்கலாம்.

பி.எட். சேர்ந்த முதல் மாதமே ஆறிலிருந்து பத்து வரை சமூக அறிவியல் புத்தகங்களை எடுத்துவிடுங்கள். வீட்டில் தம்பி தங்கையின் பழைய புத்தகம் கிடக்கும். ஒரு நாளைக்கு ஒரு பாடம், பஸ்ஸிலேயே முடியும். கைடு வாங்காதீர்கள், நான் 450 ரூபாய் கொடுத்து வாங்கியதில் விடைகளே தப்பு. இலக்கியம் வீணாகிவிடுமோ என்று கவலைப்படவேண்டாம். தகுதித் தேர்வுக்குப் பிறகு நியமனத் தேர்வு இருக்கிறது, அங்கே உங்கள் பாடம் ஆங்கிலம்தான். ஆனால் அதை எழுதவே இந்தத் தேர்ச்சி வேண்டும்.

2025 நவம்பரில் மறுபடி எழுதினேன். வீட்டுக்கு வந்து விடைகளைச் சரிபார்த்தபோது சமூக அறிவியலில் மட்டும் 43. சித்தி மகள் இப்போது பி.எட். முதல் வருஷம். அந்த சமூக அறிவியல் புத்தகங்களை எல்லாம் அட்டை போட்டு அவளிடம் கொடுத்துவிட்டேன்.