கடல் விலகிய வழியே இரண்டு நாள்

கேள்வி: ஐயா, நாங்கள் இருப்பது புதுக்கோட்டை. திருச்சிப் பக்கத்துப் புதுக்கோட்டை இல்லை, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற புதுக்கோட்டை. பொங்கல் கழிந்ததும் சென்னையிலிருந்து என் அண்ணன் குடும்பம் வருகிறது. அண்ணன், மதினி, எட்டாவதும் ஐந்தாவதும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், கூடவே எழுபது வயது தாண்டிய என் அம்மா. கார் இருக்கிறது, கையில் இரண்டு நாள் இருக்கிறது. யாரைக் கேட்டாலும் திருச்செந்தூர், குற்றாலம் என்கிறார்கள். திருச்செந்தூருக்கு அவர்கள் ஒவ்வொரு தடவையும் போகிறார்கள். குற்றாலத்தில் தை மாதம் போய் என்ன பார்ப்பது? நம் தாமிரபரணிக் கரையிலேயே பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? ஆற்றில் குளிக்கலாமா?
— ஒரு வாசகி, புதுக்கோட்டை, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: உங்கள் ஊரிலிருந்து கிளம்பினால் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் ஏறக்குறைய மூவாயிரம் வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது அம்மா. அதை விட்டுவிட்டு வேறெங்கும் போக வேண்டாம். நம்மவர்கள் இந்த ஆற்றுக்கு வந்தால் நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று ஓடுவார்கள். எழுபது வயது அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஒன்பது கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி மாட்டியதுதான் மிச்சமாகும். நான் சொல்வது வேறு வழி. ஆறு போகிற திசையிலேயே நீங்களும் போங்கள். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கும் வரை தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓடும் ஆறு இது. வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலைக் கிழக்கே தள்ளியிருக்கிறது. துறைமுகமும் கடலின் பின்னாலேயே இடம் மாறியது: முதலில் கொற்கை, பிறகு பழையகாயல், பிறகு புன்னக்காயல், கடைசியில் தூத்துக்குடி. பிள்ளைகளிடம் இந்த ஒரு கதையைச் சொல்லிவிட்டால் போதும், அடுத்த ஊரில் கடல் எங்கே இருந்திருக்கும் என்று அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

முதல் நாள் மேற்கே போங்கள். காலை ஆறரைக்குள் வல்லநாட்டு மலையடிவாரத்தில் இருந்தால் வெளிமான்களைப் பார்க்க வாய்ப்பு உண்டு. 16 சதுர கிலோமீட்டர் சொச்சம் பரப்புள்ள சரணாலயம் இது. 1987இல் அறிவித்தார்கள். இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடி இதுதான். கிண்டியில் மான் பார்த்த சென்னைப் பிள்ளைகளுக்கு, வெட்ட வெளியில் குடைவேல மரங்களுக்கு நடுவே முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகுமாய் ஒரு கிடா நிற்பது புதிதாக இருக்கும். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதியோடு போங்கள். வெயில் ஏறிவிட்டால் மான்கள் புதருக்குள் ஒதுங்கிவிடும்.

வல்லநாட்டை அடுத்து முறப்பநாடு. நவகைலாயத்தில் ஒன்றான சிவன் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அம்மா படித்துறையில் கால் நனைத்து உட்காரலாம். குளிக்கலாமா என்று கேட்டீர்கள். இங்கே குளிக்கலாம், ஆனால் படித்துறையை விட்டு உள்ளே போகக் கூடாது. ஆற்றில் மணல் அள்ளிய இடங்களில் இடுப்பளவுத் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் உயரப் பள்ளம் இருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மழை முடிந்த தை மாதத்தில் அணைகளிலிருந்து தண்ணீர் திறந்திருக்கவும் கூடும். இறங்குவதற்கு முன்னால் அங்கே துணி துவைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத பள்ளம் இல்லை. சோப்பும் ஷாம்பும் வீட்டிலேயே இருக்கட்டும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தையும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டாம். தூத்துக்குடிக்காரர்களாகிய நாம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

பிறகு ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்து ஆதிச்சநல்லூர் போங்கள். திருநெல்வேலி–திருச்செந்தூர் சாலையை ஒட்டி நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் பரம்பு அது. அந்த மேடு முழுக்க முதுமக்கள் தாழிகள். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரே சில ஆண்டுகள் அகழ்ந்தார். தங்கப் பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று அவர் எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அதற்குப் பிறகு நூறு வருஷம் கழித்து, 2004இல்தான் தொல்லியல் துறை மறுபடி மண்வெட்டியைத் தொட்டது. அந்த நூறு வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். இப்போது அகழ்ந்த குழிகளையே கண்ணாடியால் மூடி, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பயமாக இருக்குமோ என்று தயங்காதீர்கள். இறந்தவரோடு நெல்லும் பானையும் வைத்து அனுப்பியவர்கள் இவர்கள் என்று சொல்லுங்கள், பயம் போய்விடும். சென்னைக்குத் திரும்பியதும் எழும்பூரில் ரே எடுத்த பொருட்களையும் அண்ணன் காட்டட்டும். இடத்தை இங்கும் பொருளை அங்கும் பார்த்தால்தான் முழுதாகும். விடுமுறை நாள், திறக்கும் நேரம் இரண்டையும் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானச் சாப்பாடு ஸ்ரீவைகுண்டத்தில். கோயில் நடை அடைத்திருக்கும் நேரத்தில் அணைக்கட்டைப் பாருங்கள். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் இது கடைசி, ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டியது. வடகால், தென்கால் இரண்டும் இங்கிருந்துதான் பிரிகின்றன. வடகால் குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போய் முடியும் இடம் எது தெரியுமா? உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோரம்பள்ளம் குளம்தான். அந்தக் குளத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாமல் இருக்கலாம், அவர்களையும் கூட்டிப் போங்கள். அணைக்கு அருகில் மட்டும் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

சாயங்காலம் ஆழ்வார்திருநகரி. நவதிருப்பதி ஒன்பதில் ஒன்று மட்டும் பார்க்க நேரம் இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் புளியமரம் கோயிலுக்குள் இன்றும் நிற்கிறது. அம்மா அங்கே கொஞ்ச நேரம் உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள் பெரிய ரோட்டை விட்டுத் தெற்கே இறங்கிக் கூட்டாம்புளி வழியாகச் சாயர்புரம் போங்கள். ஜி.யு. போப் 1840களில் பள்ளிக்கூடம் வைத்து நடத்திய ஊர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகருங்கள். அடுத்து பெருங்குளம், அதன் பக்கம் சிவகளை. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடந்த நெல்மணிகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது பொதுக்காலத்துக்கு முன் 1155 என்று முடிவு வந்தது. 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். இடத்தில் பார்ப்பதற்கு இன்று அதிகம் இல்லை. ஆனால் தை மாதத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் பிசான நெல் பச்சையாக நிற்கும். மூவாயிரம் வருஷம் முன்னால் தாழிக்குள் போன நெல்லும் இதே தண்ணீரில் விளைந்ததுதான் என்று வயலைக் காட்டிச் சொல்லலாம்.

ஏரலைத் தாண்டிக் கொற்கை. இங்கே ஏமாந்துபோகாமல் இருக்க ஒன்று சொல்கிறேன்: பெரிய கட்டடம் எதுவும் இல்லை. வாழைத் தோட்டம், நெல் வயல், ஒரு குளம், குளத்துக்குள் வெற்றிவேலம்மன் கோயில், மிகப் பழையது என்று ஊரார் போற்றும் ஒரு வன்னி மரம், அவ்வளவுதான். ஆனால் பாண்டியர்களின் துறைமுகம் இது. கிரேக்கர்கள் கொல்கி என்று எழுதி வைத்த ஊர். மரண தண்டனைக் கைதிகளை இங்கே முத்துக் குளிக்க வைத்தார்கள் என்று பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்க நூல் சொல்கிறது. 1968–69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் பொதுக்காலத்துக்கு முன் 785. சங்கும் முத்துச்சிப்பியும் மண்ணுக்கடியில் கிடைத்தன. பிள்ளைகளைக் குளத்துக் கரையில் நிறுத்தி, கடல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இன்றைக்குக் கடலைப் பார்க்கக் கிழக்கே பல கிலோமீட்டர் போக வேண்டும். அந்தத் தூரம் முழுக்க ஆறு கொண்டுவந்த மண். எனக்கு இந்த வட்டாரத்தில் மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் கொற்கைக் குளத்துக் கரையைத்தான் சொல்வேன்.

ஏரல் பக்கம் போகும்போது ஊர்க்காரர்கள் 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பாலம் உடைந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் எண்ணூறு பேரோடு நின்றுபோனது, பக்கத்துப் புதுக்குடி ஊரார் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். பெரியவர்கள் சொல்ல ஆரம்பித்தால் நின்று கேளுங்கள். ஆறு எப்படிக் கடலை நிலமாக்கியது என்று பிள்ளைகளுக்கு அதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது.

கொற்கையிலிருந்து கிழக்கே வந்தால் பழையகாயல். மார்க்கோ போலோ எழுதிய காயல் இதுதான் என்று கால்டுவெல் அடையாளம் காட்டினார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற இடத்தில் இப்போது உப்பளம். முக்காணிப் பாலத்தில் ஆற்றைக் கடந்தால் ஆத்தூர். அம்மா வெற்றிலை போடுவார்கள் என்றால் இங்கே ஒரு கவுளி வாங்குங்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிக்காலுக்குள் போய்ப் பார்க்க விவசாயிகளிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஆத்தூரிலிருந்து உப்பளங்களுக்கு நடுவே ஒரு சாலை புன்னக்காயலுக்குப் போகிறது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே இருங்கள். ஆறு கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காடு, மீனவர் படகுகள். அன்ரீக்கே அன்ரீக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் 16ஆம் நூற்றாண்டில் இங்கே தங்கித் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் தந்தது. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் என்று போற்றுகிறோமே, அதற்குப் பின்னால் இந்த முகத்துவாரத்து முத்துக்குளிப்பவர்களின் பேச்சுத் தமிழ் இருக்கிறது. படகில் ஒரு சுற்றுப் போக ஆசை வந்தால், மிதவை உடுப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கரையிலிருந்தே பாருங்கள்.

கேள்வி: முத்துக் குளிப்பதை இப்போது எங்காவது பார்க்க முடியுமா? தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளுக்குப் பிள்ளைகளோடு படகில் போகலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: முத்துக் குளிப்பு முடிந்துபோன தொழில். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக நடந்தது 1961இல். முத்துச்சிப்பி வாழும் கடலடிப் பார்களில் சிப்பி குறைந்துவிட்டதால் அதற்குப் பிறகு நடத்தவில்லை. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலையை வேடிக்கை பார்க்கப் படகில் பின்தொடர வேண்டாம். கரைக்கு வந்த பிறகு மரியாதையாகப் பேசிக் கேட்டால், பார் எப்படி இருக்கும், எத்தனை பாகம் ஆழம் என்று நிறையச் சொல்வார்கள்.

தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1986இல் 21 தீவுகளைச் சேர்த்து அறிவித்தார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது, யாராவது கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் தூத்துக்குடிக்கு எதிரே இருந்த விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காக்கத்தான் இந்தத் தடை, நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். பிள்ளைகளுக்குத் தீவு பார்த்தே ஆக வேண்டும் என்றால் துறைமுகச் சாலை வழியாகப் போகும் முயல்தீவு இருக்கிறது. காணும் பொங்கலன்று நகரமே அங்கே கட்டுச்சோற்றோடு இருக்கும், கூட்டம் பிடிக்காதவர்கள் வேறு நாள் பாருங்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. குளங்களுக்கு வரும் பறவைகளை மாணவர்களுக்குக் காட்ட ஆசை. எப்போது, எங்கே போகலாம்?
— ஒரு வாசகி, ஏரல்

பதில்: உங்களுக்கு வாசலிலேயே பெருங்குளம், கொஞ்சம் தள்ளிக் கடம்பாகுளம். மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தை மாதத்தை ஒட்டித் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. தூத்துக்குடி, நெல்லை இயற்கை ஆர்வலர்களும் மாணவர்களும் அதில் சேர்கிறார்கள். நவம்பரிலேயே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், உங்கள் பள்ளிக்கு ஒரு குளத்தை ஒதுக்கித் தரக்கூடும். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வலசை வரும் வாத்துகள் ஆகியவற்றைக் குளத்தில் பார்க்கலாம். பூநாரை வேண்டுமானால் உப்பளப் பக்கம் வர வேண்டும். காலை ஆறரைக்குக் கரையில் இருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையில் நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும். சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். ஐந்து பேருக்கு ஒரு பைனாகுலர் போதும். ஒரு பிள்ளை பார்க்க, ஒரு பிள்ளை எழுத, மற்றவர்கள் எண்ணட்டும்.